நாற்பதுக்கு மேல் சிவப்பு

யார் குத்தினார்கள் என்று கடைசிவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. எங்கே குத்தினார்கள் என்பதுதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கால்வாய்ப் பாலத்தின் நட்டநடுவில் ஒருவன் செத்துக் கிடந்தான். வயது இருபத்து நான்கு, பெயர் திருமாறன். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பாலத்துக்குக் கிழக்கே ஓடைமேடு, மேற்கே சீதாபுரம். பாலம் நாற்பத்திரண்டு மீட்டர். உடல் இருபத்தொன்றாவது மீட்டரில் கிடப்பதாக எங்கள் ஆணையத்தின் டிரோன் காட்டியது. அளந்து வைத்ததுபோல இருக்கிறதே என்று நினைத்தேன். நிஜமாகவே அளந்துதான் வைத்திருக்கிறார்கள் என்று மறுநாள் தெரிந்துகொண்டேன்.

என் பெயர் தேவநாதன். குற்ற ஒப்பீட்டு ஆணையத்தில் முதுநிலைப் புள்ளியியல் அதிகாரி. வார்டு வாசலில் தினமும் காலையில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற அந்த எண்ணுக்குச் சூத்திரம் எழுதிய மூன்று பேரில் ஒருவன். மற்ற இருவரும் வெளிநாடு போய்விட்டார்கள். திட்டு வாங்க நான் இருக்கிறேன்.

சூத்திரம் எட்டாம் வகுப்புக் கணக்குதான். வார்டில் ஒரு வருஷத்தில் நடந்த குற்றங்களுக்கு மதிப்பெண் போட வேண்டும். சங்கிலிப் பறிப்புக்கு ஐந்து, கொலைக்கு நூறு. மொத்தத்தை ஆயிரம் பேருக்கு எவ்வளவு என்று வகுத்தால் எண் வந்துவிடும். நாற்பது வரை பச்சை. நாற்பதுக்கு மேல் சிவப்பு. சிவப்பு வார்டுக்குள் ஆம்புலன்ஸ், டயாலிசிஸ் வேன், பள்ளிக்கூட பஸ் எதுவும் போலீஸ் துணையில்லாமல் நுழையாது. துணை கேட்டு மனுப்போட்டால் பதினெட்டாம் நாள் பதில் வரும். இவை எதுவும் நாங்கள் எழுதிய சூத்திரத்தில் இல்லை. நாங்கள் பேட்டைக்குப் பேட்டை, ஊருக்கு ஊர் ஒப்பிட மட்டும்தான் செய்தோம். எங்கே குற்றம் அதிகமோ அங்கே உதவி அதிகம் போகட்டும் என்ற நல்லெண்ணத்தில் ஆரம்பித்த வேலை. அப்படிப்பட்ட இடத்தை விட்டு இருக்கிற உதவியும் ஓடிப்போகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. படித்த முட்டாள்கள்.

ஓடைமேடு அன்றைக்கு 34.09. சீதாபுரம் 31.50. இரண்டும் சின்ன வார்டுகள். ஆள் குறைவாக இருந்தால் ஒரே ஒரு கொலை எண்ணைக் கிடுகிடுவென்று ஏற்றிவிடும். கிழக்கே எழுதினால் ஓடைமேடு 43. மேற்கே எழுதினால் சீதாபுரம் 41. எந்தப் பக்கம் எழுதினாலும் அந்தப் பக்கம் சிவப்பு.

நான் சீதாபுரத்தில் குடியிருக்கிறேன். இதை இயக்குநரிடம் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. ஏரியா பழக்கம் இருக்கும். சீக்கிரம் முடிச்சிடுவீங்க" என்றார் அவர்.

"சார், எனக்கே சம்பந்தம் இருக்கிற விஷயம்..."

"யாருக்குத்தான் சம்பந்தமில்ல? மூணு நாள்ல இடம் முடிவாகலைன்னா ரெண்டு வார்டுக்கும் முழுக் கொலை ஏறும். அது நீங்க எழுதின விதிதானே? ஒண்ணாந்தேதி பாதுகாப்பான நகரங்களோட பட்டியல் வருது. நமக்கும் கோயம்புத்தூருக்கும் மயிரிழைதான் வித்தியாசம். ஒரு கொலைன்னா சென்னை தாங்கும். ரெண்டாச்சுன்னா கோயம்புத்தூர்காரன் மேடையேறிடுவான். கிழக்கோ மேற்கோ, ஏதாவது ஒண்ணு. எனக்கு ஆட்சேபணை இல்ல."

புதன்கிழமை காலை பாலத்துக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் பிச்சைக்கனி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது.

"வாங்க சார். மோந்து பாருங்க" என்றார்.

இரண்டு கரையிலிருந்தும் பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தது. ஓடைமேட்டில் நாலாம் தெரு முழுக்கக் கழுவி விட்டிருந்தார்கள். சீதாபுரத்தில் பாலத்தடிச் சாலையைக் கழுவி, ஒருபடி மேலே போய்க் கோலமும் போட்டிருந்தார்கள்.

"கேமரா?"

"ரெண்டு பக்கமும் நாலு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் ரிப்பேருங்காவ. அந்த நேரத்துல மட்டும்."

"அவன் போன்?"

"கால்வாய்க்குள்ள கிடந்துச்சு. வண்டியப் பாலத்துல நிறுத்தியிருக்காவ. துடைச்சு சுத்தமா இருந்துச்சு, புது வண்டி கணக்கா." டீ கிளாஸைச் சுவரில் வைத்தார். "டாக்டர் என்ன சொல்லுதாருன்னா, குத்து விழுந்தது நாலு மணிக்கு. கழுத்துல ஒண்ணு, வயித்துல ஒண்ணு. அரைமணி நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழச்சிருப்பானாம். அம்பது நிமிஷம் உயிரோட இருந்திருக்கான் சார். அந்த அம்பது நிமிஷத்துல இந்தப் பாலத்த நாலு தடவ கடந்திருக்கான். காலால நடந்து இல்ல. ஆளுங்க தூக்கி."

பாலத்தின் இரு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இங்கருந்து தூக்கிட்டுப் போய் அங்க போட்டிருக்காவ. அங்க உள்ளவங்க தூக்கிட்டு வந்து இங்க போட்டிருக்காவ. ரெண்டு ரவுண்டு. அப்புறம் களைச்சுப்போய், ரெண்டு தரப்பும் சேந்து அளந்து பாத்து நட்டநடுவுல வச்சிட்டாவ. நான் வேலையில சேர்ந்த காலத்துல ரெண்டு ஸ்டேஷன் சண்டை போடும், பிணம் உன் லிமிட்டா என் லிமிட்டான்னு. தண்டவாளத்துல கிடந்தா கால அந்தப் பக்கம் இழுத்துப் போட்ட ஏட்டெல்லாம் உண்டு. அது எங்களுக்கு உள்ள கெட்ட பழக்கம். நீங்க அத ஊருக்கே கத்துக்குடுத்துட்டீக."

"பார்த்தவங்க யாருமே இல்லையா?"

"எப்படி இருப்பாவ? உங்க பதினாலாம் விதி இருக்குல்லா?"

பதினாலாம் விதியும் நான் எழுதியதுதான். சம்பவ இடம் தெரியாவிட்டால், அடிபட்டவர் முகத்தை முதலில் பார்த்த சாட்சி எந்த வார்டில் வசிக்கிறாரோ அதுவே சம்பவ இடம். முதலில் பார்ப்பது அக்கம்பக்கத்தில் இருப்பவராகத்தானே இருக்க முடியும் என்று எழுதினேன். அழகான விதி என்று ஒரு கருத்தரங்கில் கை தட்டினார்கள். ஜனங்கள் என்னைவிடப் புத்திசாலிகள். முகத்தைப் பார்த்தால்தானே சாட்சி? எல்லா வார்டிலும் எல்லைக் குழு என்று ஒன்று முளைத்தது. தெருவுக்கு நாலு பேர், முறை வைத்துக்கொண்டு. தெருவில் யாராவது அடிபட்டு விழுந்தால் முறைக்காரர்கள் தலையைத் திருப்பிக்கொண்டே கிட்டே போக வேண்டும். முதல் வேலையாக முகத்தில் ஒரு துண்டைப் போட வேண்டும். அப்புறம் தூக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்கு ஒத்திகை நடக்கிறது. எங்கள் சீதாபுரம் குடியிருப்போர் சங்கத்தில் அதற்கென்று மஞ்சள் துண்டு வாங்கி, ஓரத்தில் சங்கத்தின் பெயர் வேறு தைத்து, அப்புறம் யாருக்கோ மூளை வேலை செய்து பெயரைப் பிரித்தெடுத்தார்கள்.

அந்தச் சங்கத்துக்குச் செயலாளர் என் மனைவி ஹேமமாலினி.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது அவளிடம் நேராகவே கேட்டேன். "நேத்து நீ பாலத்தடியில இருந்தியா?"

ரசத்தை ஊற்றிக்கொண்டே, "இருந்தேன்" என்றாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே இந்தப் பயமின்மைதான். "அவங்கதான் முதல்ல கொண்டுவந்து போட்டாங்க. நம்ம கேட்டுக்கு நேரா. நாங்க என்ன பண்ணோம்? திருப்பிக் கொடுத்தோம்."

"உயிரோட இருந்தானா?"

"எனக்கு எப்படித் தெரியும்? முகத்துல துண்டு இருந்தது."

"ஹேமா, கை கால் அசையலையா?"

கரண்டியை வைத்தாள். "அசைஞ்சுது. அசைஞ்சுதுன்னா என்ன செய்யணும்ங்கறீங்க? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா ஏறின இடம்னு நம்ம வார்டு பதிவாகும். உங்க அப்பாவுக்கு மாசம் ரெண்டு தடவை மூச்சு திணறுது. சிவப்பாயிட்டா எந்த வண்டி வரும்? யாரோ ஒருத்தனுக்காக மாமாவை விட்டுடலாமா? சொல்லுங்க, விட்டுடறேன்."

உள் அறையில் அப்பா இருமிக்கொண்டிருந்தார். நான் ரசத்தைக் குடித்தேன். நான் அவளைத் திட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மேற்கே எழுதினால் என் அப்பா. கிழக்கே எழுதினால் யாரோ ஒருத்தருடைய அப்பா. அன்றைக்கு அந்த நிலைமையில்தான் செத்தவனின் அம்மாவைப் பார்க்கப் பாலத்தைக் கடந்து போனேன்.

நாலாம் தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை வீடு. சுகந்திக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். சுவரோரம் கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். முகம் ஊதி, கண் இடுங்கி, இடது கை முழுக்க ஊசித் தழும்பு. சுகந்தியின் மகள், பெயர் மகிழினி, பத்தொன்பது வயது.

"கிட்னி சார்" என்றாள் சுகந்தி. "வாரத்துக்கு மூணு தபா வேன் வரும். தெருமுனையிலயே ஏத்திப் படுக்க வெச்சு ரத்தத்த சுத்தம் பண்ணி இறக்கி வுட்ருவாங்க. நாளைக்கு வரும்." பிறகு என் சட்டையில் இருந்த ஆணைய அடையாள வில்லையைப் பார்த்தாள். "நீங்கதான் எழுதப் போறவரா?"

"ஆமாம்மா."

மகளை ஒருமுறை பார்த்துவிட்டு என்னை வெளியே படிக்கட்டுக்குக் கூட்டிப்போனாள். கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"எப்டி எழுதுவீங்க? யார் சொன்னா எழுதுவீங்க?"

"எங்க குத்தினாங்கன்னு உறுதியாத் தெரிஞ்சா அங்க எழுதுவோம். தெரியலைன்னா ரெண்டு பக்கமும் எழுதுவோம்."

"ரெண்டு பக்கமும்னா நாங்களும் சிவப்பா?"

"ஆமா."

"என் பையன எங்க குத்துனாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

பேசாமல் இருந்தால் எதிராளி பேசுவார் என்பது எங்கள் பயிற்சியில் சொல்லித்தருகிற பாடம்.

"தோ, அந்த ரேஷன் கடை தெரிதா? அதுக்கு முன்னால. மூணு பேரு. செல்லுக்காகன்னு சொல்றாங்க, இன்னா எழவோ தெர்ல. நேத்து முறை எனுது சார். எனக்கும் எதிர் வீட்டு ஆளுக்கும். சத்தம் கேட்டுது. துண்ட எடுத்துக்கினு ஓடுனேன். குப்புற விழுந்து கெடந்தான். சாப்பாட்டுக் கம்பெனி ஆரஞ்சு சட்டை. இந்த வார்டுல அந்தச் சட்டை போட்ட பசங்க முப்பது பேரு கீறாங்க. என் பையன் நேத்து வேளச்சேரிப் பக்கம்னு சொல்லிட்டுப் போனான். எனக்கு அவன் நெனப்பே வரல."

நேற்றிலிருந்து மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்ததுபோல வரிசையாகச் சொன்னாள்.

"மொகத்த திருப்பிக்கினே போய் துண்ட போட்டேன். கெட்டியா சுத்திக் கட்டுனேன், நடுவுல அவுந்துடக் கூடாதுன்னு. எதிர் வீட்டுக்காரரு கால புடிச்சாரு. நான் தோள்பட்டைய புடிச்சேன். தூக்குறப்ப அவன் என் முந்தானைய புடிச்சான் சார். கெட்டியா. கழுத்துல குத்து, பேச்சு வரல. பாலம் வரைக்கும் வுடவே இல்ல. அந்தாண்ட கொண்டுபோய் போட்டப்ப, வெரல ஒண்ணொண்ணா பிரிச்சு உருவிக்கினேன்."

அவள் கை அவளறியாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"அவங்க திருப்பிக் கொண்டாந்து போட்டாங்க. நாங்க மறுபடியும் தூக்குனோம். அப்பவும் புடிச்சான். இன்னாடா இவன் வுட மாட்டேங்கறான்னு எனக்குக் கோவம் வந்துச்சு. திட்டுனேன். அசிங்கமா திட்டுனேன் சார். என் கொரல் கேட்டிருக்கும் அவனுக்கு. அம்மான்னு தெரிஞ்சிருக்கும் இல்ல?"

"தெரிஞ்சிருக்காதும்மா" என்றேன். தெரிந்திருக்கும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"கடசில நடுவுல வெச்சிட்டு வீட்டுக்கு வந்தேன். கைய கழுவிட்டு அவனுக்கு போன் போட்டேன். பாலத்துப் பக்கமா வராத, எவனோ குத்துப்பட்டுக் கெடக்கான், நீ சுத்திக்கினு வான்னு சொல்றதுக்கு. மூணு தபா போட்டேன். அடிச்சுது. அப்புறம் நின்னு போச்சு. அப்பதான் எதிர் வீட்டுக்காரரு அத கால்வாயில தூக்கிப் போட்டிருக்காரு."

தெருவில் யாரும் இல்லை. எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. எல்லா ஜன்னலுக்குப் பின்னாலும் ஆள் இருந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன், உள்ளே ஒரு நிம்மதி பரவியது. ரேஷன் கடை முன்னால் என்றால் கிழக்கு. சீதாபுரம் இல்லை. அப்பா இல்லை.

"எதுக்கும்மா இதை எங்கிட்ட சொன்னீங்க?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க அந்தப் பக்கமே எழுதிடுங்க சார்."

"என்னது?"

"சீதாபுரத்துலன்னு எழுதிடுங்க. நடந்தத பூரா சொல்லிக் கேக்கறேன். மறைச்சுக் கேட்டா நீங்க கண்டுபுடிச்சிருவீங்க, கோவப்படுவீங்க. இவ ஒருத்திதான் எனக்கு மிச்சம். சிவப்பாச்சுன்னா வேன் வராது. வேன் இல்லன்னா இவ பத்து நாள் தாங்க மாட்டா. அவங்க பணக்காரங்க சார், அவங்களுக்கு எப்படியும் வண்டி வரும். காசு குடுத்து வர வெச்சுப்பாங்க."

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"அவன் என் புள்ள. அவன் சாவ எங்க வெக்கணும்னு நான் சொல்லக் கூடாதா? உயிரோட இருந்தப்பவே ரெண்டு தபா அந்தாண்ட கொண்டுபோய் போட்டவ நான். இப்ப இன்னொரு தபா போடறதுல இன்னா சார் கீது?"

என் கால்களைப் பிடித்தாள். அந்த விரல்களை நான் பிரிக்கவில்லை. அவளாகவே விடும்வரை உட்கார்ந்திருந்தேன். "பார்க்கிறேன்மா" என்று சொன்னேன். அரசாங்கத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவன் அந்த வார்த்தையைச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

சட்டையில் இருந்த ஆணைய வில்லை நாங்கள் பேசியதை முழுக்கப் பதிவு செய்திருந்தது. வீட்டுக்குள் நுழையும் முன் அதை அணைத்திருக்க முடியும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பிச்சைக்கனி எதிரே உட்கார்ந்து பதிவைக் கேட்டார். முடிந்ததும் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இதக் கேட்டதே நம்ம ரெண்டு பேருதான் சார். அழிச்சிருவோம். தடயம் இல்லன்னு எழுதுங்க, ரெண்டு பக்கமும் ஏறட்டும். உங்க பக்கத்து ஆளுங்க வக்கீல வச்சு ஒரு வாரத்துல பச்சையாக்கிருவாவ. அப்படி ஆக்கும்போது இவளுகளும் சேந்து பொழச்சுக்கிடுவாளுவ. சிவப்புல ரெண்டு பேரா இருந்தா சத்தம் போட ஆளு இருக்கும். ஒத்தையில விட்டா செத்துப்போகும் அந்தப் புள்ள."

யோசித்தேன். நல்ல யோசனைதான். கோயம்புத்தூர்காரன் மேடையேறுவான், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாரம். அப்பாவுக்கு அந்த ஒரு வாரத்தில் மூச்சு திணறினால்?

"உண்மையை மாத்தி எழுதச் சொல்றீங்களா இன்ஸ்பெக்டர்?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"இல்ல சார். நீங்க உண்மையையே எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

எழுதினேன். சம்பவ இடம்: ஓடைமேடு, நாலாம் தெரு, ரேஷன் கடை முன். ஆதாரம்: இறந்தவரின் தாயார் வாக்குமூலம். அத்தனை வருஷ வேலையில் இவ்வளவு சுத்தமான அறிக்கை நான் எழுதியதில்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இயக்குநர் பாராட்டினார். ஒண்ணாந்தேதி பட்டியல் வந்தது. சென்னை முதலிடம். நட்சத்திர ஓட்டலில் விருந்து. யாரோ எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஹேமா அதைப் படம் எடுத்துச் சங்கத்துக் குழுவில் போட்டாள்.

ஓடைமேட்டு வாசல் பலகை சிவப்பில் 43.01 என்று எரிந்தது. வேன் நின்றது. அதற்கப்புறம் நடந்தது எனக்குப் பிச்சைக்கனி சொல்லித்தான் தெரியும். நான் கேட்கவில்லை. அவராகவே தினமும் போன் செய்து சொன்னார். எனக்குத் தண்டனையாக அதைத்தான் வைத்திருந்தார் போல. சிவப்பு வார்டுக்குள் ஆட்டோ வராது என்பதால் சுகந்தி மகளை மீன்காரரின் மூன்று சக்கர வண்டியில் படுக்கவைத்து, ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஏழு மணி நேரம் காத்திருந்தார்கள். இரண்டாவது தடவை போனபோது முறை கிடைக்காமல் திரும்பினார்கள். வாக்குமூலம் கொடுத்து வார்டைச் சிவப்பாக்கியவள் என்று நாலாம் தெருக்காரர்கள் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். வண்டி தள்ள யாரும் வரவில்லை. எதிர் வீட்டுக்காரர் மட்டும் ஒருநாள் வந்தார், மறுநாள் அவருடைய மனைவி அவரை விடவில்லை. போலீஸ் துணை கேட்டுப் போட்ட மனுவுக்குப் பதினெட்டாம் நாள் அனுமதி வந்தது. மகிழினி பதினாறாம் நாள் விடியற்காலை இறந்திருந்தாள்.

நாலு நாள் கழித்துச் சுகந்தி ஆணையத்துக்கு வந்தாள். வீட்டில் சாவு நேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் பெயரை நீக்க வேண்டும் என்பது விதி. ஆள் கணக்கு சரியாக இருந்தால்தான் வகுத்தல் சரியாக வரும். வரிசையில் நின்று இறப்புச் சான்றிதழை நீட்டியபோதுதான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பதைப் பார்த்தாள். நான் அன்று அங்கே வேறு வேலையாக வந்தவன். ஓடி ஒளிந்திருக்கலாம், ஒளியவில்லை.

காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், இத எந்த வார்டுல எழுதுவீங்க?" என்று கேட்டாள்.

"இது எழுத மாட்டோம்மா. நோயில வந்த சாவு. குற்றம் இல்ல."

"குத்தம் இல்லியா?"

"இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப இதனால எங்க எண்ணு ஏறாதுல்ல? பக்கத்து வீட்டு நசீமாவுக்கு எட்டு மாசம். நாப்பதுக்குக் கீழ எப்படியாச்சும் வந்துட்டா அவளுக்கு ஆம்புலன்சு வரும். தெருவுல என்னாலதான்னு சொல்றாங்க. இனிமே என்னால ஒரு புள்ளிகூட ஏறக் கூடாது சார்."

"ஏறாதும்மா" என்றேன். "தைரியமாப் போங்க."

அவள் போன பிறகு சான்றிதழை நானே வாங்கி நானே பெயரை நீக்கினேன். அந்தப் பெண்ணுக்கு நான் செய்யக்கூடியது அதுதான் என்று தோன்றியது. ஓடைமேடு மக்கள்தொகை: 11,206. அழுத்தினேன். 11,205. குற்றம் அதேதான், வகுக்க ஆள் ஒன்று குறைவு. சூத்திரம் என்னுடையதாக இருந்தும் திரையில் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெயரைத் திரும்ப ஏற்ற முடியுமா என்று பார்த்தேன். செத்தவரை ஏற்ற விதி இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பிச்சைக்கனியிடமிருந்து போன். பின்னால் தெருச் சத்தம் கேட்டது.

"சார், ஓடைமேட்டு வாசல்ல நிக்கேன். பலகையில நேத்து 43.01 இருந்துச்சு, இன்னைக்கு 43.02ன்னு காட்டுது. அந்த அம்மா வாசல்லயே நின்னு போறவன் வாறவனையெல்லாம் மறிச்சு, நேத்து நம்ம வார்டுல யார என்ன செஞ்சாங்கன்னு கேட்டுக்கிட்டு நிக்கி. யாருக்கும் தெரியல. என்கிட்டயும் கேட்டாச்சு. நான் என்னன்னு சொல்ல?"